விடாப்பிடி வைரஸை வேரோடு களைதல்

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் முதலிய மலையடிவாரத்து ஊர்களில் மடிக்கணினி என்னும் யந்திரம் பல குடும்பங்களுக்குள் முதன்முதலாகப் பிரவேசித்தது பள்ளிக்கூடத்தின் வழியாகவே. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்படி எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் கையில் கொடுத்த அந்தப் பெட்டிகள், படித்து முடித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிறகும் வீட்டிலேயே தங்கி, அண்ணனிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து தகப்பனாரின் கணக்கு வழக்குக்குமாகக் கைமாறி, இன்றைக்கும் சில வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பிற்பாடு தவணையில் வாங்கிய புதியவையும் அவற்றோடு சேர்ந்தன. பழையதாயினும் புதியதாயினும், உள்ளே சேமித்து வைத்திருப்பவை ஏறக்குறைய ஒரே வகையானவை: கல்யாணப் படங்கள், பட்டா சிட்டா நகல்கள், ஆதார் அட்டையின் பிரதி, போட்டித் தேர்வுக் குறிப்புகள், போடியிலோ புற்றடியிலோ மின்னணு ஏலத்தில் ஏலக்காய் விற்ற ரசீதுகள். வைரஸ் என்ற உபத்திரவம் நேரும்போது உண்மையில் ஆபத்துக்குள்ளாவன இவைதாம். யந்திரத்தை எப்போது வேண்டுமானாலும் துடைத்துப் புதிதாக்கலாம். அழிந்துபோன படத்தை மீட்பதோ பெரும்பாலும் அசாத்தியம். இவ்வத்தியாயத்தில் சொல்லப்போகும் கிரமம் முழுவதும் இந்தப் பேதத்தை ஆதாரமாகக் கொண்டது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, வந்திருப்பது வைரஸ்தானா என்பது. மடிக்கணினி மந்தமாக இயங்கினால் உடனே வைரஸ் என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. பத்தாண்டு கடந்த யந்திரத்தில் ஹார்ட் டிஸ்க் தேய்ந்துபோனாலும், இரண்டு ஜி.பி. ராம் மட்டுமே உள்ள பெட்டியில் இன்றைய குரோமைத் திறந்து நாலைந்து பக்கங்களை விரித்தாலும் இதே மந்தம் உண்டாகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்று சிவப்பு எழுத்தில் ஓயாமல் எழும் அறிவிப்பும் பெரும்பாலும் வைரஸ் அன்று. படம் பார்க்கவோ கிரிக்கெட் பார்க்கவோ போன ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ என்ற பொத்தானை அழுத்தி, அறிவிப்பு அனுப்பும்படி நாமே கொடுத்த சம்மதத்தின் பலன் அது. குரோமின் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் சைட் செட்டிங்ஸ், அதனுள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று சென்று, அறிமுகமில்லாத தளங்களின் பெயரை நீக்கிவிட்டால் தொல்லை அத்துடன் தீர்ந்தது. அந்த அறிவிப்பில் தொலைபேசி எண் கொடுத்திருந்தால் அதற்கு ஒருபோதும் பேசலாகாது. எதிர்முனையில் இருப்பவன் உங்கள் கணினியைத் தூரத்திலிருந்தே தன் கைவசமாக்கிக்கொள்ளத் தக்க செயலி ஒன்றை இறக்கச் சொல்வான்.

மெய்யான வைரஸின் லட்சணங்கள் வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறக்கப் போனால் நிர்வாகி தடை செய்திருப்பதாகச் செய்தி வரும். அந்த நிர்வாகி நீங்களேயாயிருந்தும் தடை நீங்காது. மற்றத் தளங்கள் எல்லாம் திறக்க, ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்களும் மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புப் பக்கமும் மட்டும் திறக்க மறுக்கும். 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்ற புழு இந்தத் தந்திரத்தைத்தான் கையாண்டது. பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் மறைந்து, அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிச் சின்னங்கள் முளைத்திருக்கும். எல்லாவற்றிலும் நிச்சயமான அடையாளம் ஒன்றுண்டு: ஆன்டிவைரஸ் ஒரு கோப்பை அழித்ததாகச் சொல்லி, கணினியை அணைத்து மறுபடி போட்டதும் அதே பெயரை அதே இடத்தில் கண்டுபிடித்ததாகத் திரும்பவும் சொல்வது. விடாப்பிடி வைரஸ் என்று நான் குறிப்பிடுவது இதையே. அந்தப் பெயர் எதுவாயினும் ஒரு காகிதத்தில் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்ய வேண்டிய முக்கியமான தீர்மானம் ஒன்று அந்தப் பெயரைப் பொறுத்தது.

ஏன் இது திரும்பத் திரும்ப முளைக்கிறது என்பதை ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விளக்குவது எளிது. கட்டே என்று மலையில் வழங்கும் தேமல் நோயும் ஒரு வைரஸின் காரியமே. இலையில் வெளிறிய பச்சைக் கோடுகள் ஓடத் தொடங்கிய தூருக்கு எதைத் தெளித்தாலும் நோய் தீராது. அசுவினி அதை அடுத்த தூருக்கு எடுத்துச் செல்வதற்குள், கிழங்கின் துண்டுகூட மண்ணில் தங்காதபடி தோண்டி அப்புறப்படுத்தி அழிப்பதொன்றே உபாயம். அந்தக் கிழங்கிலிருந்து பக்கக்கன்று பிரித்து நட்டவர் நோயையும் சேர்த்து நட்டவராகிறார். கணினி வைரஸிலும் இலையோடு நின்றுவிடும் ஜாதியும் உண்டு, கிழங்கில் இறங்கிவிடும் ஜாதியும் உண்டு. முதல் ஜாதி, தான் ஒரு தனிக் கோப்பாக ஓரிடத்தில் உட்கார்ந்து, விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் தன்னையும் எழுப்பும்படி பதிவேட்டிலோ அட்டவணைப் பணிகளிலோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். கோப்பையும் குறிப்பையும் ஒருசேர நீக்கினால் ஒழியும். இரண்டாவது ஜாதி, ஏற்கனவே நம்மிடம் உள்ள நல்ல புரோகிராம்களின் உடலுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும். விரூட், 2003 முதல் அறியப்பட்ட சாலிட்டி, 2010 முதல் பரவிய ராம்னிட் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. கணினியில் உள்ள எக்ஸி கோப்புகள் எத்தனையோ அத்தனையும் இவற்றுக்கு உறைவிடம் ஆகிவிடுகின்றன. ஒன்று எஞ்சினாலும் போதும், அதை ஒருவர் திறந்த நொடியில் பழைய நிலைமை வந்துவிடும். சாலிட்டியோ இன்னும் ஒரு படி மேலே சென்று, விண்டோஸ் சேஃப் மோடில் தொடங்குவதற்கு வேண்டிய பதிவேட்டு விவரங்களையே அழித்துவிடும் இயல்புடையது. ஆன்டிவைரஸை முடக்கி, டாஸ்க் மேனேஜரைப் பூட்டி, தப்பிக்கும் வாசலையும் அடைத்துவிட்டு, அதன் பிறகே அது தன் காரியத்தைத் தொடங்குகிறது.

ஆகவே, நோயுற்ற விண்டோஸின் உள்ளிருந்துகொண்டே அதன் ஆரோக்கியத்தை விசாரிப்பதில் பெரும்பயன் இல்லை என்பது இந்த விஷயத்தில் அடிப்படையான கொள்கை. இது இன்று நேற்றுத் தோன்றிய சங்கடமும் அன்று. 1986-இல் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர் இருவர் எழுதி, தங்கள் கடை விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் உள்ளேயே பொறித்து வெளியிட்ட ‘பிரெயின்’ என்ற வைரஸ், பிளாப்பித் தட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறி, யாராவது அந்தப் பகுதியை வாசித்துப் பரிசோதிக்க முனைந்தால் தன்னை மறைத்து, முன்பே எடுத்து ஒதுக்கி வைத்திருந்த அசல் பகுதியைக் காட்டிவிடும். நாற்பது வருஷத்துக்குள் தந்திரங்கள் பெருகினவேயன்றி தத்துவம் மாறவில்லை. எந்தப் பரிசோதனை முறை விண்டோஸ் விழித்தெழுவதற்கு முன்பே, வெளியிலிருந்து, வைரஸ் செயலற்றுக் கிடக்கும் நிலையில் அதைத் தேடுகிறதோ அந்த முறையே நம்பத்தக்கது. கடைகளில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று ஆன்டிவைரஸ்களை ஏற்றிக் கொடுக்கும் வைத்தியம் எனக்கு உடன்பாடன்று. அவை ஒன்றையொன்று சந்தேகித்து மோதிக்கொள்வதில், இரண்டு ஜி.பி. ராமில் மிச்சமிருந்த உயிரும் போய்விடும்.

இனிச் செய்முறை. சந்தேகம் உறுதியானவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம் இணையத் தொடர்பைத் துண்டிப்பது: வைஃபையை அணைத்து, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டையும் நிறுத்திவிடுங்கள். உங்கள் கடவுச்சொற்கள் வெளியேறுவதும், வைரஸ் தனக்குத் துணையாக வேறு வைரஸ்களை வரவழைத்துக்கொள்வதும் இதனால் நிற்கும். தனிமைப்படுத்தலின் மதிப்பை நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒரு சம்பவம் நன்றாகக் காட்டுகிறது. 2019-ஆம் ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்தது. அது நேர்ந்திருக்க முடியாது என்று முதல் நாள் மறுப்பு வெளியாகி, அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகமே உண்மையென்று ஒப்புக்கொண்டது. ஆயினும் அணு உலையை இயக்கும் வலைப்பின்னல் இணையத்தோடு சேர்ந்த நிர்வாக வலைப்பின்னலிலிருந்து முன்பே தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று கழகம் தெரிவித்தது. வீட்டில் ஒரே வைஃபையில் மூன்று யந்திரங்கள் சேர்ந்திருந்தால் அந்த யோசனை நமக்கும் பொருந்தும்.

அடுத்தது தகவல்களைக் காப்பது. இதைச் செய்யாமல் எந்த ஸ்கேனையும் ஆரம்பிக்க வேண்டாம். இங்கேதான் அரசு கொடுத்த பழைய மடிக்கணினிக்கு எதிர்பாராத ஒரு பெருமை உண்டு. திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த பெட்டிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. பெட்டியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புப் பட்டியலை, பாட்டுக் கேட்க உதவாத தொல்லை என்று கருதி எத்தனையோ பிள்ளைகள் அழித்துவிட்டார்கள். அழிக்காமல் வைத்திருப்பவர்கள் அதன் வழியே பாஸ் லினக்ஸுக்குள் நுழைந்தால், விண்டோஸ் வைரஸ் உறங்கிக் கிடக்க, அதன் தலைமேலேயே நடந்து சென்று தங்கள் படங்களையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வரலாம். அந்த வசதி இல்லாதவர்கள், நோயற்ற வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசச் செயலியால் எட்டு ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு நோயுற்ற மடிக்கணினியில் அதைச் செருகி, பெட்டியைப் போட்டவுடனேயே தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். லெனோவோ, ஏசர், டெல் பெட்டிகளில் பெரும்பாலும் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9 அல்லது எஸ்கேப். லினக்ஸை நிறுவ வேண்டியதில்லை. நிறுவாமலே அது இயங்கும். தேவாரத்தில் இணைய வேகம் ஒரே சீராக இருப்பதில்லையாதலால், மின்ட் போன்ற பெரிய கோப்பை இரவில் இறக்க விட்டுக் காலையில் பார்ப்பது உசிதம்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் தயவு தாட்சணியம் கூடாது. படங்கள், வீடியோக்கள், பி.டி.எஃப். பிரதிகள், வேர்டு, எக்செல் கோப்புகள் ஆகியவற்றை வெளியே செருகிய ஒரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எக்ஸி என்று முடியும் எதையும், ஸ்கிரீன் சேவரையும், குறுக்குவழிச் சின்னங்களையும், ‘செட்டப்’ என்று தொடங்கும் நிறுவற் கோப்புகளையும் எடுக்காதீர்கள். எழுதி வைத்த பெயர் ராம்னிட் என்றால் சேமித்து வைத்த இணையப் பக்கங்களையும் விட்டுவிடுங்கள், ஏனெனில் அது அவற்றிலும் நுழையும். ‘இந்த டைப்பிங் சாப்ட்வேர் மட்டும் வேறெங்கும் கிடைக்காது’ என்று ஒரே ஒரு எக்ஸி கோப்பை ஆசையோடு பொத்தி வைத்தவர்கள் நோயுள்ள கிழங்கைப் பொத்தி வைத்தவர்களே. பென் டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்துபோன வீட்டாருக்கு இங்கே ஒரு நற்செய்தி: அவை பெரும்பாலும் அழிவதில்லை. வைரஸ் அவற்றின்மீது மறைப்புக் குறியைப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லையாகையால், அங்கே பென் டிரைவைத் திறந்ததும் காணாமற்போன அனைத்தும் கண்ணெதிரே வரிசையாகத் தெரியும். பிரதி எடுத்து முடித்த டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். விண்டோஸ் சுத்தமாகும் வரையில் அதை மறுபடி செருகலாகாது.

தகவல் பத்திரமான பிறகு சிகிச்சையைத் தொடங்கலாம். விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளில் இதற்குரிய கருவி ஏற்கனவே இருக்கிறது. தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று சென்றால் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்ற ஒன்று காணப்படும். அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் டிஃபெண்டரின் வைரஸ் அகராதியைப் புதுப்பித்தாக வேண்டும். அந்தச் சிறு நேரத்துக்கு மட்டும், வேறு யந்திரம் எதுவும் சேராத ஒரு கைப்பேசி ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துவிட்டு உடனே துண்டித்துவிடுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும் புதிய மடிக்கணினிகளில் இடையே பிட்லாக்கர் மீட்புத் திறவுகோலைக் கேட்பதும் உண்டாகையால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைப் பார்த்து முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்வது நலம். ஸ்கேனைத் தொடங்கியதும் கணினி தானே அணைந்து, விண்டோஸ் விழிப்பதற்கு முன்னமேயே தேடுதலை நடத்தி, ஏறக்குறைய 15 நிமிஷத்தில் முடித்துக்கொண்டு திரும்பும். கண்டதும் செய்ததும் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் பதிவாகியிருக்கும். அதன்பின் அதே பட்டியலில் உள்ள ஃபுல் ஸ்கேனை ஒரு முறை ஓட்டுங்கள். அது மணிக்கணக்கில் நடக்கும்.

மின்சாரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆடி மாதத்துக் காற்று கணவாய்களில் புகுந்து பள்ளத்தாக்கில் அடிக்கும் நாட்களில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய மடிக்கணினியின் பேட்டரியோ பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். ஸ்கேன் நடுவில் நின்றால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது நடுவில் நின்றாலோ, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டிவரும். இன்வெர்ட்டர் உள்ள உறவினர் வீட்டுக்கு அன்றைக்கு ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில் தவறில்லை.

டிஃபெண்டர் வாய் திறக்காவிட்டாலும், அதுவே முடங்கிப்போயிருந்தாலும், விண்டோஸ் 7 உள்ள பழைய பெட்டியாயிருந்தாலும், காஸ்பர்ஸ்கை ரெஸ்க்யூ டிஸ்க் போன்ற ஒன்றை மேலே சொன்ன முறையிலேயே நல்ல கணினி ஒன்றில் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து தொடங்கிப் பரிசோதிக்கலாம். இந்திய அரசின் செர்ட்-இன் நிறுவனம் 2017 பிப்ரவரி 21-ஆம் தேதி தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் என்ற நிலையத்தின் தளத்திலும், குவிக் ஹீல் முதலிய கம்பெனிகள் தயாரித்த நிவாரணக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தப் பெயர்களில் எது மேலானது என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. எதுவாயினும் அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, நோயற்ற கணினியைக் கொண்டு இறக்க வேண்டும் என்பதில்தான் அக்கறை. தேடும் பக்கத்தில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தி வைரஸ் நிவாரணி என்ற பெயரில் வைரஸையே இறக்கிக்கொள்வோர் உண்டு.

வைரஸ் நீங்கிய பின்னும் அது எழுதி வைத்த குறிப்புகள் எஞ்சியிருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற சிறு கருவி, கணினி விழிக்கும்போது தாமும் எழுந்துகொள்ளும் சகல புரோகிராம்களையும் ஒரே பட்டியலில் காட்டும். அதில் மைக்ரோசாஃப்டின் சொந்த இனங்களை மறைக்கும் வசதியைத் தேர்ந்தால் பட்டியல் சுருங்கும். எஞ்சியவற்றுள் வெளியிட்டவர் பெயர் இல்லாததும், அர்த்தமற்ற எழுத்துக்களைப் பெயராகக் கொண்டதும், தற்காலிகக் கோப்புகள் இருக்கும் இடத்திலிருந்து புறப்படுவதும் சந்தேகத்துக்குரியன. அவற்றை உடனே அழித்துவிடாமல் முன்னுள்ள குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். நிரபராதி ஒன்று அகப்பட்டிருந்தால் குறியைத் திரும்பப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். பிராக்ஸி அமைப்பில் நீங்கள் எழுதாத விலாசம் ஏதேனும் இருந்தால் நீக்குங்கள். பழைய ரீஸ்டோர் பாயின்ட்களையும் அழித்துவிடுங்கள், அவற்றுள் நோயின் பிரதி ஒன்று பத்திரமாக இருக்கக்கூடும்.

இப்போது காகிதத்தில் எழுதி வைத்த பெயருக்கு வருவோம். அது சாலிட்டி, ராம்னிட், விரூட் முதலிய, கோப்புக்குள் புகும் இனமாயிருந்தால், அல்லது வெளியிலிருந்து செய்த பரிசோதனைக்குப் பின்னும் அதே பெயர் திரும்பி வந்தால், மேற்கொண்டு வைத்தியம் பார்ப்பதில் காலத்தை வீணாக்காமல் டிஸ்க்கை முழுவதும் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். ராம்னிட் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு, 2015 பிப்ரவரியில் யூரோபோல் முன்னின்று அதன் ஆணை மையங்களைக் கைப்பற்றியபோது 32 லட்சம் கணினிகள் அதன் பிடியில் இருந்ததாக அறிவித்ததே சாட்சி. இத்தகைய வைரஸைக் கோப்பு கோப்பாகக் கழுவும் கருவிகள் உண்டு. ஆனால் கழுவப்பட்ட புரோகிராம் முன்போலவே இயங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பத்திரங்கள் வெளியே வந்துவிட்ட பிறகு, உள்ளே எஞ்சியிருப்பது மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய புரோகிராம்களே அல்லவா?

துடைப்பது என்றால் முழுவதும் துடைப்பது. நம் ஊர்ப் பக்கத்துப் பழக்கம் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து, ‘உங்கள் படமெல்லாம் டி டிரைவில் அப்படியே இருக்கிறது’ என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது. வாங்குகிறவருக்கும் அது ஆறுதலாகவே இருக்கும். ஆனால் டி டிரைவில் சேர்த்து வைத்த பழைய விளையாட்டும், பிரின்டர் டிரைவரும், செட்டப் கோப்புகளும் நோயோடு அங்கேயே காத்திருக்க, வீட்டுப் பிள்ளை அவற்றில் ஒன்றைத் திறந்ததும் மறுவாரமே பெட்டி கடைக்குத் திரும்புகிறது. கோப்புக்குள் புகும் வைரஸ் என்றால் எல்லாப் பகுதிகளையும் கலைத்தே நிறுவ வேண்டும். நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நிறுவற் கருவியை எட்டு ஜி.பி. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து தொடங்கி, எங்கே நிறுவுவது என்று கேட்கும் பக்கத்தில் உள்ள பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்து, வெற்றிடமாக்கிய பின் தொடருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11-ன் உரிமம் பெற்ற மடிக்கணினியாயிருந்தால், அவ்வுரிமம் யந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், நிறுவி இணையத்தில் சேர்த்ததும் தானே செயல்படும். திறவுகோல் கேட்கும் இடத்தில் இல்லையென்று சொல்லிக் கடந்துவிடலாம். உரிமத்தை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் என்ற புரோகிராமை மட்டும் யார் கொடுத்தாலும் ஏற்காதீர்கள்; ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு என்னை ஓட்டு என்பதுதான் அதன் முதல் நிபந்தனை, அதிலிருந்தே அதன் யோக்கியதை விளங்கும்.

விண்டோஸ் 7 உள்ள பழைய அரசுப் பெட்டியில் அதையே மறுபடி ஏற்றுவது பயனற்ற உழைப்பு. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றன. விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. சொற்ப நினைவகமுள்ள பெட்டிக்குப் பாஸ் லினக்ஸோ வேறு இலகுவான லினக்ஸோ போதும். பிள்ளைகள் படிக்கவும், பி.டி.எஃப். திறக்கவும், கடிதம் எழுதவும் அதில் குறைவில்லை.

இன்னொரு வகை உண்டு. அதற்கு மேலே சொன்ன கிரமம் அப்படியே பொருந்தாது. படங்கள், பத்திரங்கள் எல்லாம் பெயருக்குப் பின்னால் புதியதோர் ஒட்டுச் சேர்ந்து, எதுவும் திறக்காமல், பணம் அனுப்பினால் திறப்போம் என்ற ஓலை ஒன்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் கிடந்தால், அது ரான்சம்வேர். பணம் அனுப்பாதீர்கள், டிஸ்க்கையும் துடைக்காதீர்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அந்த ஓலையோடு சேர்த்து அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, 2016-இல் யூரோபோலும் டச்சுப் போலீசும் பாதுகாப்புக் கம்பெனிகள் சிலவும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் அதற்கு மாற்றுச் சாவி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்று இல்லாவிட்டாலும் ஓராண்டு கழித்து வரக்கூடும். வங்கிப் பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

கணினி சுத்தமாயிற்று என்றால் காரியம் பாதிதான் முடிந்தது. அசுவினி இன்னும் பிழைத்திருக்கிறது. நம் வட்டாரத்தில் அந்த உத்தியோகத்தைப் பார்ப்பது பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் அச்சடிக்கக் கொடுத்தது, அண்ணன் ஜீப்பில் பாட்டுப் போடுவதற்காகக் கடையில் பாட்டு ஏற்றி வந்தது, பள்ளியில் புராஜெக்ட் காட்டியது என்று ஒரே பென் டிரைவ் ஒரு வாரத்தில் பத்துக் கணினிகளைத் தொட்டு வருகிறது. தலைக்கு நேரே மலை நின்றாலும் தேவாரத்திலிருந்து தோட்டத்துக்கு வண்டியில் போக வேண்டியவர்கள் போடி மெட்டோ கம்பம் மெட்டோ சுற்றித்தான் ஏற வேண்டியிருக்க, அந்த நீண்ட பிரயாணத்துக்குப் பாட்டு வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? பாட்டுக்கு ஒன்று, பத்திரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. வீட்டில் உள்ள பென் டிரைவ், மெமரி கார்டு அனைத்தையும் லினக்ஸில் திறந்து, வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, ஃபார்மட் செய்த பிறகே புதிய விண்டோஸில் செருக வேண்டும். ஒன்றை மறந்தாலும் உழைப்பு வீண். அச்சடிக்க வேண்டியதைக் கூடிய வரையில் பி.டி.எஃப். ஆக்கிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடலாம். விண்டோஸின் ஆட்டோபிளே வசதியை அணைத்துவிடுங்கள். கோப்புப் பெயரின் கடைசி ஒட்டைக் காட்டும்படி வியூ பட்டியலில் மாற்றிவிடுங்கள். படத்தின் பெயரும் சின்னமும் பூண்டு வரும் எக்ஸி கோப்பு அப்போது தன் வாலைக் காட்டிவிடும்.

கடவுச்சொற்களை மாற்றுவது இதற்குப் பிறகு. அதையும் சுத்தமான யந்திரத்தில்தான் செய்ய வேண்டும். நோயுற்ற கணினியில் உட்கார்ந்து புதிய கடவுச்சொல்லை அடிப்பது, அதையும் திருடனிடம் ஒப்படைப்பதாகும். முதலில் மின்னஞ்சல், அதன்பின் வங்கி, அதன்பின் மற்றவை. மின்னஞ்சல் கைவசம் இருப்பவனால் மற்றவற்றின் கடவுச்சொற்களை எல்லாம் மீட்டெடுத்துக்கொள்ள முடியும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

பீரோவில் வைத்த டிஸ்க்கை அதன் பின் செருகி, எதையும் திறப்பதற்கு முன் டிஃபெண்டரால் அதை ஒரு முறை பரிசோதித்துவிட்டுப் படங்களைத் திரும்ப ஏற்றுங்கள். இவ்வளவையும் தாமே செய்ய நேரமோ தைரியமோ இல்லாதவர்கள் போடியிலோ உத்தமபாளையத்திலோ கடையில் கொடுப்பதில் குற்றமில்லை. கொடுக்கும் முன் பத்திரங்களை நீங்களே பிரதி எடுத்துக்கொண்டு, வங்கிக் கடவுச்சொல் எதையும் சொல்லாமல், வைரஸின் பெயர் எழுதிய காகிதத்தையும் கூடவே கொடுங்கள். டி டிரைவையும் சேர்த்துக் கலைக்க வேண்டும், ஆக்டிவேட்டர் போடலாகாது, ஆன்டிவைரஸ் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்ற மூன்றையும் ரசீதின் பின்புறம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.